இரண்டு முழங்கால், ஒரே எக்ஸ்ரே, ஒன்றில் மட்டும் வலி: நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வலி இடது முழங்காலில். எக்ஸ்ரேயோ இரண்டு முழங்கால்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் காட்டியது. இரண்டிலும் உள்பக்க மூட்டு இடைவெளி சற்றுக் குறைந்திருந்தது, எலும்பு விளிம்பில் சிறு துருத்தல் இருந்தது. அறிக்கையில் ‘இரு மூட்டுகளிலும் ஆரம்பநிலைத் தேய்மானம்’ என்று எழுதியிருந்தார்கள். தேய்மானம்தான் காரணம் என்றால் வலது முழங்கால் ஏன் வலிக்கவில்லை? வந்தவரே கேட்ட கேள்வி இது. அவருக்கு யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நகரம் ஒன்றில் தனியார் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அதற்கு முன் சில ஆண்டுகள் லாரியில் இருந்தார். உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். இந்த உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அவருடைய ஒப்புதலுடன், ஊரும் வழித்தடமும் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன். பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் நான் பார்த்ததும் செய்ததும்தான் இதில் பெரும்பகுதி. இரத்தப் பரிசோதனையும் மருந்தும் என்னுடன் பணியாற்றும் மருத்துவரின் பொறுப்பில் இருந்தன.

வந்தபோது இருந்த நிலை

இடது முழங்காலின் முன்புறம், சில்லுக்குப் பின்னால் இருப்பதாக உணரும் வலி ஓராண்டுக்கு மேலாக இருந்தது. படியில் ஏறுவதைவிட இறங்கும்போது அதிகம். திரையரங்கில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு எழுந்தால் முதல் சில அடிகளுக்குக் கால் பிடித்துக்கொள்ளும். வீக்கம் இல்லை, மூட்டு பூட்டிக்கொள்வதில்லை. அதோடு மாலை நேரத்தில் கீழ்முதுகில், இடதுபக்கம் சற்று மிகுதியாக, ஒரு கனத்த வலி. நான்கு மாதமாக இடது தோளிலும் வலி. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிவதில்லை.

ஏற்கெனவே செய்துகொண்ட வைத்தியம்: மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரை, வாரத்தில் நான்கைந்து நாள். முழங்காலுக்கு எலாஸ்டிக் உறை. முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, நான்காவது ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதி வாங்கி வந்திருந்தார். ‘ஜவ்வு விலகிவிட்டது, இனி இந்தத் தொழில் வேண்டாம்’ என்று ஒருவர் சொல்லிவிட்டாராம். வலியைவிட அந்த வாக்கியம்தான் அவரை அதிகமாக வாட்டியிருந்தது. வேறு தொழில் தெரியாத மனிதரிடம் இப்படிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வலியிடங்களைக் குறிக்க நோர்டிக் வினாப்பட்டியலைப் பயன்படுத்தினேன். ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட இது, உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த பன்னிரண்டு மாதத்திலும் கடந்த ஏழு நாளிலும் எங்கெங்கே தொல்லை இருந்தது என்று கேட்கும் எளிய படம். அவர் போட்ட குறிகள் எல்லாம் இடதுபக்கத்தில் விழுந்தன. வலதுபக்கம் வெற்று.

இடதுபக்கத்தின் வேலை

நம் நாட்டில் ஓட்டுநர் வலதுபுறம் உட்காருகிறார். கியர் கம்பி இடது கைக்கு, கிளட்ச் இடது காலுக்கு. வலது கால் ஆக்சிலரேட்டரிலும் பிரேக்கிலும் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கணுக்கால் அசைந்தால் போதும். காற்றழுத்தப் பிரேக்கில் பாதி வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. கனரக வாகனத்தின் கிளட்ச் அப்படியல்ல. முழங்காலும் இடுப்பும் சேர்ந்து தள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும்.

எத்தனை முறை? குறைவாகவே வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு நடைக்கு முப்பத்தைந்து நிறுத்தங்கள். ஒரு நிறுத்தத்தில் நிற்க ஒரு மிதி, கிளம்ப ஒன்று, இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் ஒவ்வொன்று. நான்கு என்று வைத்தால் நடைக்கு நூற்று நாற்பது. சிக்னல், வேகத்தடை, சந்தைக் கூட்டம், குறுக்கே வரும் இரு சக்கர வாகனம் எல்லாம் சேர்த்தால் இருநூறு எளிதில் வந்துவிடும். நாளைக்குப் பத்து நடை. ஆக இரண்டாயிரம். மிதித்து விடுவது மட்டும் இல்லை, நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சில் காலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ஊர்வதும் உண்டு. தசைக்கு அது மிதிப்பதைவிடக் கொடியது. இரத்த ஓட்டம் திரும்ப இடைவெளியே கிடைப்பதில்லை.

இதை வைத்து ‘இடதுபக்கம் வலிக்கிறது, இடதுபக்கம் வேலை செய்கிறது, முடிந்தது கதை’ என்று எழுதிவிட முடியாது. அந்த நகரத்தில் நூற்றுக்கணக்கான ஓட்டுநர்கள் அதே கிளட்ச்சை மிதிக்கிறார்கள். இவருடன் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே பேருந்தை ஓட்டும் மாற்று ஓட்டுநருக்கு முழங்கால் வலி கிடையாது.

உடல் பரிசோதனை

முழங்காலின் தசைநார்கள் உறுதியாக இருந்தன, நீர் கோக்கவில்லை. சில்லை அழுத்திக்கொண்டு தொடையை இறுக்கச் சொன்னால் அதே வலி வந்தது. எட்டு அங்குலப் படியிலிருந்து இடது காலில் எடையைத் தாங்கி இறங்கச் சொன்னபோது முழங்கால் உள்நோக்கிச் சரிந்தது, வலி பத்துக்கு ஏழு என்றார். இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள் இடப்புறம் தெளிவாகவே பலவீனம். தொடையின் பின்தசைகள் இரண்டு பக்கமும் இறுகியிருந்தன. சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான மூட்டில் அழுத்தம் மிகுவதால் வரும் வலிக்கு இவை பொருந்துகின்றன.

முதுகுக்கு வந்தால், நேராக நீட்டிய காலை உயர்த்தும் சோதனையில் காலுக்குள் வலி இறங்கவில்லை. கணுக்கால், பெருவிரல் வலிமை இயல்பு. உணர்வு இழப்பு இல்லை, சிறுநீர் மலத் தொல்லை இல்லை. நரம்பு நசுங்கியதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கை? முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓர் இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. நடுவயதுக்காரர் ஒருவரின் படத்தில் பிதுக்கம் தெரிவது தலையில் நரை தெரிவதைப் போன்றது. இருக்கிறது என்பது சரி, அதுதான் வலிக்கிறது என்பதற்கு அது மட்டும் சான்றாகாது.

தோள் வேறு கதை சொன்னது. கியர் போடும் கை என்பதால் அதையும் பேருந்தின் கணக்கில் எழுதத்தான் தோன்றும். ஆனால் கையை உடலோடு ஒட்டி வைத்து வெளிப்புறம் திருப்பச் சொன்னால் பாதிகூடத் திரும்பவில்லை. நான் பிடித்துத் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றது. தசைநார் தேய்ந்தால் அவரால் தூக்க முடியாமல் போகலாம், என் கை தூக்கினால் போகும். இது மூட்டுறையே இறுகிப்போகும் நோய். இதற்கும் சர்க்கரைக்கும் பழைய உறவு உண்டு என்பதால் இரத்தம் பார்க்கச் சொன்னோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.1 விழுக்காடு என்று வந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது. இரத்த அழுத்தமும் கூடியிருந்தது.

அன்றே டைக்ளோஃபினாக் நிறுத்தப்பட்டது. காரணம் வயிற்றுப்புண் மட்டுமல்ல. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பகலில் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். நிறுத்த முடியாத பேருந்து, போய்வர நேரம் தராத நிலையம், போனாலும் உள்ளே நுழைய முடியாத கழிப்பறை. என்ஜின் பக்கத்திலேயே இருப்பதால் வியர்வையோ தாராளம். நீர் வற்றிய உடம்பு, உயர்ந்த இரத்த அழுத்தம், சர்க்கரை, அதன்மேல் வாரம் ஐந்து நாள் வலி மாத்திரை. முழங்காலுக்காகச் சிறுநீரகத்தை அடகு வைக்கும் வியாபாரம் இது. சிறுநீரகச் செயல்பாடு அப்போது இயல்பு எல்லைக்குள் இருந்தது என்பது நல்ல செய்தி.

ஓட்டுநர் இருக்கை

பணிமனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காலி மனையில்தான் இரவில் வண்டி நிற்கும். அவரை இருக்கையில் உட்காரச் சொன்னேன். வலது, இடது இரண்டு முழங்கால்களும் செங்கோணத்தைத் தாண்டி மடிந்திருந்தன. ஸ்டியரிங் விளிம்பு தொடையில் இடிக்காமல் இருக்க இடது தொடையை வெளிப்பக்கம் அகற்றி வைத்திருந்தார். பாதம் கிளட்ச்சில் நேராக, தொடை வெளிப்பக்கம் சாய்வாக. அப்படி முறுக்கிய நிலையில் ஒவ்வொரு மிதிக்கும் சில்லு பக்கவாட்டில் இழுபடும். மேலே கண்ணாடியின் விளிம்பு கண்மட்டத்தை மறைத்ததால், சிக்னலைப் பார்க்க முதுகைக் கூன் போட்டுக் குனிந்திருந்தார்.

இருக்கையைப் பின்னால் தள்ளுங்கள் என்றேன். தள்ள முடியாது என்றார். ஸ்லைடரின் பூட்டு தேய்ந்து, பிரேக் அடிக்கும்போதெல்லாம் இருக்கை முன்னால் ஓடிவர ஆரம்பித்ததாம். பட்டறையில் தண்டவாளத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டார்கள். வெல்டிங் வைத்த அன்று பணியில் இருந்தவர் மாற்று ஓட்டுநர். அவர் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அவருக்கு வசதியான இடத்தில் இருக்கை நிரந்தரமாக நின்றுவிட்டது. எப்போது என்று கேட்டேன். போன வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு வண்டி வேலை பார்த்தபோது என்றார். முழங்கால் வலி தொடங்கியது அதற்கடுத்த பொங்கலை ஒட்டி.

வலது முழங்கால் ஏன் வலிக்கவில்லை என்பதற்கு இங்கே விடை இருந்தது. இரண்டு முழங்காலும் ஒரே அளவுக்கு மடிந்துதான் இருக்கின்றன. ஆழமாக மடிந்த முழங்காலில், தொடையின் முன்தசை இழுக்கும் விசை சில்லைத் தொடையெலும்போடு அழுத்துகிறது. மடிப்பு கூடக்கூட அதே விசைக்கு அழுத்தமும் கூடுகிறது. வலது காலில் மடிப்பு உண்டு, விசை இல்லை. இடது காலில் இரண்டும் உண்டு. மாற்று ஓட்டுநருக்கு விசை உண்டு, மடிப்பு இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. நானே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துப் பார்த்தேன், அநியாயத்துக்குக் கனம். மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான், மிதி இணைப்பிலும் கிரீஸ் வற்றிவிட்டது, முதலாளி எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் என்றார். வழுக்கத் தொடங்கும் வரை பிளேட்டை ஓட்டுவது வண்டிக்குச் சிக்கனம். அந்த மாதங்களின் செலவு ஓட்டுநரின் காலில் எழுதப்படுகிறது.

அதிர்வைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுநர்களின் முதுகுவலி என்றதும் வாகன அதிர்வைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள், அதற்கு நியாயமும் உண்டு. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு, நொடிக்கு நான்கிலிருந்து ஆறு முறை வரும் மேல்கீழ் ஆட்டத்தில் அதிகமாக ஒத்ததிர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் எட்டு மணி நேரப் பணிக்கு முழுவுடல் அதிர்வின் உச்ச வரம்பை 1.15 மீட்டர்/நொடி² என்றும், 0.5ஐத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் வகுத்தது. ஆனால் இவர் லாரியில் இருந்த காலத்தில் முதுகு வலிக்கவில்லை. நகரத்துக்குள் மெதுவாக ஓட்டும் இந்தப் பேருந்தில் வலிக்கிறது. அதிர்வை நான் இந்த வழக்கின் முதல் குற்றவாளியாக நிறுத்தவில்லை. கூன் போட்ட உட்காருகையும் மணிக்கணக்கும்தான் முன்னால் நிற்கின்றன.

மணிக்கணக்கு

முதல் நடை காலை ஐந்தரை. வண்டியை நிறுத்தும்போது இரவு ஒன்பதே முக்கால். இடையில் நிலையங்களில் கிடைப்பது எட்டு, பத்து நிமிடம். அதிலும் முந்தைய நடை பிந்தினால் அந்த நிமிடங்களும் போய்விடும். முன்னால் போகும் பஸ்ஸை விட்டுவிட்டாலோ பின்னால் வருகிறவர் முந்திவிட்டாலோ வசூல் போய்விடும், வசூலில்தான் பேட்டா. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வகுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும், இடைவேளைகளையும் சேர்த்து வேலைநாள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்றும் சொன்னது. இந்த வழித்தடத்தில் பதினாறு மணி நேரம் ஓடுகிறது. ‘மறுநாள் முழுக்க ஓய்வுதானே’ என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம்.

மறுநாள் அவர் ஓய்வெடுப்பதில்லை. ஆக்டிங் டிரைவராக வேன், கார் ஓட்டப் போகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். இதை அவர் மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார், அதுவும் தயங்கித் தயங்கி.

தைபே நகரின் டாக்சி ஓட்டுநர்கள் 1,242 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ ஓட்டுபவர்களில் 11 விழுக்காட்டினருக்கு முழங்கால் வலி இருந்தது. பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்களில் அது 22 விழுக்காடு. நடுவில் இருந்த இரண்டு பிரிவுகளும் படிப்படியாக ஏறின. சான் பிரான்சிஸ்கோவின் பொதுப் போக்குவரத்து ஓட்டுநர்களிடையே 1990களில் நடந்த ஆய்வுகளும், வாரத்துக்கு ஓட்டும் மணி நேரம் கூடக்கூட முதுகு, கழுத்துத் தொல்லை கூடுவதைக் காட்டின. வேலையின் மனஅழுத்தமும் அதில் தனியாகப் பங்கு வகித்தது.

ஆனால் எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையல்ல. வாகனம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு டிஸ்க் பிதுக்கம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 1975இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பல காலம் அதுதான் மேற்கோள். பிறகு 2002இல் ‘லான்செட்’ இதழில் பின்லாந்து இரட்டையர் ஆய்வு வந்தது. உருவொத்த ஆண் இரட்டையர் 45 இணைகள், ஒருவர் வாழ்நாளில் மிகுதியாக வாகனம் ஓட்டியவர், மற்றவர் மிகக் குறைவாக ஓட்டியவர். எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் தேய்மானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த இரண்டையும் ஒன்றையொன்று அடித்துவிடும் முடிவுகளாக நான் பார்க்கவில்லை. ஓட்டுவது வலியைத் தூண்டலாம், ஆனால் படத்தில் தெரியும் தேய்மானத்தை அதன் தலையில் கட்ட முடியாது. நம் ஓட்டுநருக்கு இது ஆறுதலான செய்தி. ‘ஜவ்வு போய்விட்டது, தொழிலை விடு’ என்ற தீர்ப்புக்கு அடித்தளம் இல்லை.

செய்தவை

முதலில் இருக்கை. முதலாளியிடம் நான் பேசவில்லை, மாற்று ஓட்டுநரும் இவரும் சேர்ந்துதான் பேசினார்கள். பிரேக் அடிக்கும்போது இருக்கை நகர்ந்தால் விபத்து என்ற வாதம்தான் வென்றது, முழங்கால் வலி அல்ல. வெல்டிங்கை வெட்டிவிட்டு, பூட்டு உறுதியான புதிய ஸ்லைடர் போட்டார்கள். பின்னால் தடுப்புக் குழாய் இருந்ததால் மூன்று அங்குலத்துக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று அங்குலமே தொடையை ஸ்டியரிங்கிலிருந்து விடுவித்துவிட்டது. முதுகுச்சாய்வில் கீழ்ப்பகுதிக்குச் சிறு திண்டு வைத்துக் கொடுத்தேன். வியர்வை என்று இரண்டே நாளில் எடுத்துப் போட்டுவிட்டார். நான் வற்புறுத்தவில்லை.

கிளட்ச் பிளேட் அடுத்த மாதம் மாற்றப்பட்டது. மிதியின் வெற்றசைவையும் (ஃப்ரீ பிளே) சரியாக வைத்தார்கள்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரம் முழங்காலை மடக்காமல் தொடையை இறுக்குவது, பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது. பிறகு சுவரில் சாய்ந்து பாதியளவு மட்டும் உட்காருவது, சிறிய படியில் ஏறி இறங்குவது. எலாஸ்டிக் உறையைக் கழற்றச் சொன்னேன். ஒவ்வொரு நிலையத்திலும் கீழே இறங்கி, முதுகைப் பின்னால் வளைத்து, பேருந்தை ஒருமுறை சுற்றி நடக்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. சிக்னலில் நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள் என்ற என் ஆலோசனையை அவர் சமதளத்தில் மட்டும் ஏற்றுக்கொண்டார். மேட்டில் நின்றால் பின்னால் உருண்டுவிடும், அவர் சொன்னது சரி.

தோளுக்குத் தனி வழி: சர்க்கரைக்கு மருந்தும் உணவு மாற்றமும், வலி எல்லைக்குள் இயக்கப் பயிற்சி, பொறுமை. வலுக்கட்டாயமாக இழுத்துவிடும் வைத்தியங்களுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

பணிநேரத்தை மாற்ற எடுத்த முயற்சி தோற்றது. இரண்டு ஓட்டுநர்களும் தினமும் அரைநாள் அரைநாள் என்று பகிர்ந்துகொண்டால் சம்பளம் குறையாது, ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம் இருக்காது. முதலாளிக்கும் மறுப்பில்லை. மறுத்தவர் இவர்தான். அரைநாள் பணி தினமும் இருந்தால் ஆக்டிங் போக முடியாது, அந்த வருமானம் இல்லாமல் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது. அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பின்தொடர்தல்

எட்டாவது வாரத்தில் படியிறங்கும் வலி ஏழிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. முழங்கால் உள்நோக்கிச் சரிவது பெருமளவு நின்றது. மாலை முதுகுவலி குறைந்தது, மறையவில்லை. பதினாறு மணி நேரம் இருக்கும்வரை மறையும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வலி மாத்திரை மாதத்துக்கு ஒன்றிரண்டு பாராசிட்டமாலோடு நின்றது. சர்க்கரை ஆறு மாதத்தில் 6.9க்கு இறங்கியது. தோள் ஓராண்டுக்குமேல் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் திரும்பிவிட்டது. கடைசிச் சில பாகைகள் இன்னும் பாக்கி.

இருக்கை, கிளட்ச், பயிற்சி மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்ததால், முழங்காலின் முன்னேற்றத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஒரே ஒருவரின் நிகழ்வில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. இருக்கை மாறிய முதல் வாரத்திலேயே, பயிற்சியின் பலன் வருவதற்கு முன்பே, உட்கார்ந்து எழும்போது இருந்த பிடிப்பு விட்டுப்போனதாக அவர் சொன்னதைப் பதிவு செய்கிறேன்.

சென்னையில் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றில் கிளட்ச் கிடையாது. இவர் ஓட்டும் தடத்துக்கு அப்படி ஒரு வண்டி வரும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. முதலாளியின் இன்னொரு பேருந்திலும் இருக்கை வெல்டிங் வைத்துத்தான் இருந்தது. அதன் ஓட்டுநர்கள் கேட்டபோது அதற்கும் ஸ்லைடர் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆக்டிங் பணியில் ஒரு மாற்றத்துக்கு மட்டும் அவர் இணங்கினார்: மலைச் சவாரிகளைக் குறைத்துக்கொள்வது. கொண்டை ஊசி வளைவுகளில் வேன் கிளட்ச் அவர் முழங்காலுக்கு ஒத்துவருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குக் கிராக்கி அதிகம், பேட்டாவும் நல்ல பேட்டா என்பதால் அந்த இரண்டு மாதம் விதிவிலக்கு. கடந்த ஜூனில் வந்தபோது வலி ஐந்துக்கு ஏறியிருந்தது. சுவர்ப் பயிற்சியை மறுபடி தொடங்கி, ஜூலை நடுவில் மூன்றுக்கு இறங்கியது.